பக்கத்து வீட்டு அரசன்

சிட்னியின் பென்டில் ஹில்லில் எங்கள் பக்கத்து வீட்டு முன்னறையில் ஒரு படம் தொங்கியது. குதிரைமேல் அமர்ந்து செங்கோலை உயர்த்திப் பிடித்திருக்கும் தோமிஸ்லாவ் அரசன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடற்கரையையும் உள்நாட்டுச் சமவெளியையும் ஒன்றாக்கிக் குரோஷிய அரசை நிறுவியவன் என்று அந்த வீட்டு அங்கிள் சொல்வார். வடக்கே ஹங்கேரியக் குதிரைப்படையை விரட்டினான், கிழக்கே பல்கேரியரை முறியடித்தான். எங்கே புதைக்கப்பட்டான் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. சொல்லச் சொல்ல அவர் குரல் உயரும். பிறகு சட்டென்று தணிந்து, "இதையெல்லாம் என் மகனுக்குச் சொல்லியிருக்கக் கூடாது" என்பார்.

மகன் சிட்னியில் பிறந்தவன். யூகோஸ்லாவியா உடைந்து சண்டை தொடங்கியபோது, அதுவரை பார்த்தேயிராத நாட்டுக்குப் போனான். நாடு கிடைத்தது, அவன் திரும்பவில்லை. அவர்களுடைய ஆட்கள் மண்டபத்தில் கூடிச் சுதந்திரத்தைக் கொண்டாடிய அன்று அங்கிள் வீட்டை விட்டு வெளியே வரவில்லையாம். மகனுக்குப் பிடித்த படம் என்பதால் கழற்றவும் மனம் வரவில்லை. அதன் எதிரே கதிரையைப் போட்டு, தண்டனை அனுபவிப்பவர்போல உட்கார்ந்திருப்பார்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் அண்ணனும் அப்படி இயக்கத்துக்குப் போய்த் திரும்பாதவன்தான். அப்பாவின் பேச்சுத்தான் அவனைக் கொண்டுபோனது என்று வீட்டில் எல்லாரும் சொன்னோம். மறுத்து ஒரு வார்த்தை பேசாமலே அப்பா செத்துப்போனார்.

போன மாதம் அங்கிள் இறந்தார். அடக்கம் முடிந்த மறுநாள் அங்கிளின் மனைவிக்கென்று என் மனைவி சோறும் கறியும் கட்டித் தந்தாள். "அன்ரி தனிய இருந்தால் சாப்பிடமாட்டா. பக்கத்தில இருந்து சாப்பிட வைச்சிட்டு வாங்கோ."

அன்ரி சாப்பாட்டைத் தொடவில்லை. குசினி மேசையைப் பார்த்தபடி, தனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் பேசினார்.

"அவன் அரசனுக்காகப் போகவில்லை. என் தங்கை இருந்த ஊரில் குண்டு விழுந்தது. அவளைக் கூட்டி வா என்று நான்தான் அழுதேன். பையையும் நான்தான் அடுக்கினேன். போனவன் அங்கேயே சண்டையில் சேர்ந்துவிட்டான்."

"அங்கிளுக்குத் தெரியாதா?"

"முதலில் சொல்லப் பயம். பிறகு அவர் தன்னையே குற்றம் சொல்லத் தொடங்கினார்." அன்ரி சோற்றுப் பொட்டலத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார். "எனக்கு அது வசதியாக இருந்தது."

வீட்டுக்கு வந்ததும் யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். அண்ணன் போன அன்று வீட்டில் யாருக்கு அது தெரிந்திருந்தது என்று கேட்கத்தான் எடுத்தேன்.

"சொல்லு ராசா" என்றார் அம்மா.

"சாப்பிட்டாச்சோ?" என்றேன்.

"ஓம், சாப்பிட்டாச்சு. நீ?"

அப்பாவைப் பற்றி அன்றும் நாங்கள் ஒன்றும் பேசவில்லை.