ஈறும் கிராம்பும்

கீழ் முன்பல் ஒன்று ஆடியது. அதன் ஈறு வெளுத்து, சுருங்கி, இறங்கியிருந்தது. நான் உதட்டுக்குள் குட்டிப் புகையிலைப் பை அடக்கி வைக்கிற இடம் அதுதான். பல் டாக்டரம்மா கண்ணாடியில் காட்டினார்.

"நிறுத்தினா பல்லு நிக்கலாம். இல்லன்னா புடுங்கிடலாம்."

நிறுத்தினேன்.

திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். வாயில் பை இருந்த வருஷமெல்லாம் கூவி ஆள் ஏற்றியதில்லை. வாயைத் திறந்தால் எச்சில் வழியும். வண்டித் தகரத்தைத் தட்டுவேன். தட்டினால் பூந்தமல்லி என்று ஸ்டாண்டுக்கே தெரியும்.

பை போனதும் நாக்கு அந்த இடத்தையே தேடியது. எனக்கு அடுத்து வண்டி போடுகிறவன் யோசனை சொன்னான்.

"கிராம்பு வெச்சிக்க மாமே. பல்லுக்கு நல்லது."

வைத்தேன், அதே இடத்தில். காரம் போனால் வேறொன்று. எரிந்தது. ஆறுகிறது போல என்று நினைத்தேன்.

அடுத்த முறை டாக்டரம்மா பார்த்தபோது அங்கே புண்.

"என்ன வெக்கிறீங்கண்ணே?"

"கிராம்பு."

சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பிரியாணிக்குப் போடறத ஈறுல ஊற வெச்சிருக்கீங்க. அங்க எதையும் வெக்காதீங்க. சும்மா விடுங்க. இறங்கின ஈறு ஏறாது. இருக்கறது இறுகினா பல்லு நிக்கும்."

சும்மா விடுவதுதான் கஷ்டம். நாக்கு தேடும்போதெல்லாம் கூவினேன். பூந்தமல்லி, பூந்தமல்லி. வண்டி சட்டென்று நிரம்பியது.

அடுத்த வண்டிக்காரன் கடுப்பானான். "இத்தினி நாளு ஊமையாட்டம் இருந்த. இப்ப என் சவாரியும் உனுக்கே வருது. தகரத்தையே தட்டு நைனா."

வீட்டிலும் அதே பேச்சு. "சோறு போடுன்னு இப்படிக் கூவாத. பக்கத்து ஊட்டுக்காரங்க தட்டோட வந்துடப் போறாங்க" என்றாள் என் மனைவி.

புண் ஆறியது. வெளுப்பு போனது. பல் தேய்த்தால் ரத்தம் இல்லை. நேற்று டாக்டரம்மா கம்பியால் பல்லைத் தள்ளிப் பார்த்தார். ஆடவில்லை.

"கொய்யா தின்னலாமா?"

"நறுக்கித் தின்னுங்க."

ஸ்டாண்டுக்கு வந்து ஒன்று நறுக்கி வாங்கினேன். மிளகாய்த்தூள் வேண்டாம் என்றேன். ஒரு துண்டை முன்பல்லால் கடித்தேன். அடுத்த வண்டிக்காரன் குனிந்து என் வாயையே பார்த்தான்.

"நிக்குதா?"

தலையாட்டினேன். மிச்சத்தையும் வாயில் போட்டுக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா கட்டைப்பையோடு வந்து, "பூந்தமல்லி போவுமாப்பா?" என்றார்.

வாய் நிறையக் கொய்யா. தகரத்தைத் தட்டினேன்.