கமலா சித்தி ஊதிய கண்ணாடி

பெட்டாலிங் ஜெயாவில் புதிதாகத் திறந்திருக்கும் கண்ணாடிக் கலைக்கூடத்தில், ஒரு பெண் தகிக்கும் கண்ணாடி உருண்டையை நனைத்த செய்தித்தாளால் உருட்டியபோது எழுந்த கருகல் வாசனை, என்னை எழுபதுகளின் கிள்ளானுக்கு, விளக்குக் கூண்டு செய்யும் பட்டறைக்குக் கொண்டுபோனது. அங்கே கண்ணாடி துடைக்கும் வேலை பார்த்த கமலா சித்திக்கு ஆஸ்துமா. ஊதுகிறவர் வராத ஒருநாள், ஊதுகுழாயை அவள் கேட்டாள்.

“உனக்கு மூச்சு பத்தாதுலா,” என்றார் பட்டறையை மேற்பார்க்கும் மண்டோர்.

“ஒரு தடவ ஊதிப் பாக்கறேன் அண்ணே.”

சூடான பாலை ஆற்றுவதுபோல் மெல்ல ஊதினாள். குழாய் சுழலச் சுழல, நுனியில் செந்நிறக் கண்ணாடி கோணலே இல்லாமல் பூசணியளவு உப்பி வர, சித்தியோடு பட்டறைக்குப் போயிருந்த நான் இமைக்க மறந்து நின்றேன்.

மண்டோர் தான் உட்கார்ந்திருந்த, ஊதுகிறவரின் நாற்காலியை விட்டு எழுந்தார். “நாளைலேர்ந்து இங்க உக்காரு.”

“நாளைக்கு எதுக்கு அண்ணே,” என்று சித்தி அப்போதே உட்கார்ந்துகொண்டாள்.