கடைமடையிலிருந்து வந்த கரண்ட்

வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருடம் ஆகியும் எனக்கு மின்சாரம் சலிக்கவில்லை. அலுவலகத்தில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மீஞ்சூரில் ஒருத்தி சட்னி அரைக்க மிக்சியைப் போடுகிறாள். எங்கோ கண்காணாத ஊரில் சுற்றிக்கொண்டிருக்கும் இயந்திரம் அந்தப் பாரத்தை அதே நொடியில் வாங்கிக்கொள்கிறது. யாரும் யாருக்கும் சொல்லி அனுப்புவதில்லை. நாடு முழுக்க அத்தனை இயந்திரங்களும் ஒரே தாளத்தில் சுற்றுகின்றன. இதை நினைத்தால் உங்களுக்குப் புல்லரிக்கவில்லையா என்று கேட்பேன். “டீ ஆறிப்போவுது மேடம்” என்பார்கள்.

எங்கள் நகர மின் அலுவலகமும் பக்கத்து மின் அலுவலகங்கள் இரண்டும் சேர்ந்து சூரிய மின்சாரத்துக்கு இடம் தேட ஆரம்பித்தபோது, எங்கள் தரப்பில் என்னை அனுப்பினார்கள். தனித்தனியாகப் போட்டால் யாருக்கும் கட்டுப்படியாகாது, கூட்டாகப் போட்டால் என்ன என்பதுதான் யோசனை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைத் தாண்டி, சீமைக்கருவேலம் மண்டிய உவர்நிலத்தில் சோதனைக்காகக் கொஞ்சம் பலகைகளை நிறுத்தியிருந்தார்கள். நான் முதன்முதலில் போனது நல்ல உச்சிவெயிலில். அனல் மின் நிலையத்தில் பயிற்சி எடுத்தவள் நான். மின்சாரம் என்றால் எனக்குக் கரித்தூள், காது அடைக்கும் இரைச்சல், நனைந்துபோன ரவிக்கை. இங்கே ஒரு சத்தமும் இல்லை. பலகைகள் பாட்டுக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அளவுமானி மட்டும் ஏறிக்கொண்டே போனது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதாகப் பிற்பாடு என்னைக் கூட்டிப்போன டிரைவர் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். உண்மைதான், நின்றேன்.

மற்ற இரண்டு அலுவலகங்களில் ஒன்று ஆந்திர எல்லைக்கு அப்பால் இருப்பது. அந்தத் தரப்பில் வந்திருந்த பெரியவர் சூளூர்ப்பேட்டைக்காரர், ஓய்வுபெறும் வயதில் இருந்தவர். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். அவரும் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். “இவ்ளோ கரண்டு வருது, ஒரு சத்தம் லேது பாரும்மா” என்றார். அந்த ஒரு பேச்சில் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

ஆனால் மனிதர் கறார். சூரியன் அள்ளிக் கொடுப்பது மத்தியானத்தில். அந்த நேரத்தில் வாங்கிக்கொள்ள எங்களுக்கும் ஆள் போதாது, அவர்களுக்கும் போதாது. “மத்தியானம் எவரு எடுத்துக்குவாங்க? அத்த காட்டு. அப்புறம் மேல பேசலாம்” என்று கையைக் கட்டிக்கொண்டார். மூன்றாவது அலுவலகத்தின் பதிலும் அதேதான்.

எனக்கு என் அக்காவின் நினைவு வந்தது.

அக்கா வாழ்க்கைப்பட்டது கடம்பத்தூர் பக்கத்து ஊரில். மாமா காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை, வாரத்துக்கு ஒருமுறை வருவார். நெல் போடுவது முழுக்க அக்காதான். கிணற்று மோட்டார் ஓட மும்முனை மின்சாரம் வேண்டும். அது அங்கே பெரும்பாலும் ராத்திரியில் வரும். ஊரை இரண்டு பாதியாகப் பிரித்து மாற்றி மாற்றிக் கொடுப்போம். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாகவே ஓடத் தொடங்குவதற்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் என்று ஒரு பெட்டி உண்டு. மோட்டாரை அது ஓட்டிவிடும், மடையை யார் திருப்புவது? டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்துதான் ஆகவேண்டும். மார்கழி, தையில் நடும் நவரைப் பட்டத்தில் போன வருடம் அப்படி நடந்தபோது அக்காவைப் பாம்பு கடித்தது. பிழைத்துக்கொண்டாள். இன்னும் சாயங்காலமானால் அந்தக் கால் வீங்கும்.

“இந்த நவரைக்குப் பகல்ல கரண்ட் குடுக்கலன்னா நான் நடவே போடல. கரம்பா கெடக்கட்டும்” என்று சொல்லிவிட்டாள். கரம்பு, தரிசு என்ற வார்த்தைகளையே கெட்ட வார்த்தை மாதிரி பார்ப்பவள் அவள்.

ஆகவே கூட்டத்தில் எழுந்து சொன்னேன்: மத்தியான மின்சாரத்தைக் கிணற்று மோட்டார்கள் வாங்கிக்கொள்ளும், அந்த ஊரில் சோதனை செய்து காட்டுகிறேன், சுமை நிதானமாக ஏறி நிலையாக நின்றால் இந்தப் பட்டம் முழுக்க அந்த ஊருக்குப் பகல் கரண்ட். அக்காவுக்காகத்தானே அந்த ஊர் என்று கேட்டால், ஆமாம், அக்காவுக்காகத்தான். ஏரி நிரம்பாமல் ஊர் முழுக்கக் கிணற்றையே நம்பியிருந்ததால் காரணத்துக்கும் குறைச்சல் இல்லை.

முதல் நாள் மானம் போயிற்று. ராத்திரியில் பாதிப் பாதியாகக் கொடுக்கும் ஊருக்கு அன்று மொத்தமாகக் கொடுத்தோம். ஆட்டோ ஸ்டார்ட்டரை எல்லோரும் அணைத்து வையுங்கள், கரண்ட் வந்த பிறகு ஒவ்வொருவராகக் கையால் போடுங்கள் என்று ஆட்டோரிக்‌ஷாவில் மைக் கட்டி ஊர் முழுக்கச் சொல்லியிருந்தோம். சப்ஸ்டேஷனில் பெரியவர் பக்கத்தில் நிற்க, லைன்மேன் சுவிட்சைப் போட்டார். மீட்டர் முள் ஒரே பாய்ச்சலாகப் போய்க் கடைசியில் முட்டியது. ‘டமார்’ என்று பிரேக்கர் லைனை அறுத்துக்கொண்டது. மறுபடி போட்டோம், மறுபடி டமார். ஊரில் ஒருவர்கூட ஆட்டோவை அணைக்கவில்லை; எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பினால் லைன் தாங்காது. மற்றவர்கள் எல்லோரும் அணைப்பார்கள், நம்முடையது ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும் என்று வீட்டுக்கு வீடு நினைத்திருக்கிறார்கள். பெரியவர் நிதானமாக, “ரேபு சூஸ்தாம்” என்றார், நாளைக்குப் பார்க்கலாம் என்று. அந்த மரியாதைதான் அதிகமாக வலித்தது.

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“நீ அணைச்சியா?”

“இன்னாத்த?”

“ஆட்டோவத்தான்.”

புளியைப் பார்த்துக்கொண்டே, “எல்லாரும்தான் அணைப்பாங்களேன்னு...” என்றாள்.

அவ்வளவுதான், நான் கத்தின கத்தலில் தெருவே கூடிவிட்டது. “உனக்காக மூணு ஆபீஸ்காரன் முன்னாடி நின்னுக்கினு கீறேன், நீயே இப்படிப் பண்ணா?” என்றேன். அலுவலகத்தில் நான் பேசும் தமிழ் வேறு. அங்கே வந்தால் தானாக இது வந்துவிடும்.

“பேஜாரு பண்ணாதடி. இத்தினி வருசமா ராவுலதான் குடுத்தீங்க. பகல்ல குடுக்குறேன்னா எவன் நம்புவான்? வந்த நிமிசம் புடிச்சிக்கணும்னுதான் தோணும்.”

அதில் நியாயம் இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. “ஒருத்தர் பின்னால ஒருத்தரா போட்டா போதும், எல்லாருக்கும் கெடைக்கும்” என்றேன்.

“யாரு முதல்ல?” என்றார் எதிர்வீட்டுக்காரர். உடனே ஆளாளுக்குப் பேச்சு. என் பயிர் வாடுகிறது, என் கிணறு தூரம், என் மோட்டார் சின்னது. சந்தை இரைச்சல்.

அக்கா புளித் தட்டைத் தள்ளி வைத்தாள். “தண்ணி கம்மியா கீற வருசம் ஏரிய எப்பிடித் தொறக்குறோம்? கடைமடைக்குத்தான முதல்ல? அப்பிடியே போடுவோம். முன்னால கீறவன் கொழாய்ல தண்ணி வுழறத கண்ணால பாத்துட்டு அடுத்தவன் போடட்டும்.”

கூட்டம் சட்டென்று அடங்கியது. அந்த ஊர் வழக்கம் அது. ஏரி பொய்த்த வருடத்தில் மதகிலிருந்து ஆகத் தொலைவில் இருக்கும் நிலத்துக்கு முதல் முறை, மதகடியில் இருப்பவனுக்குக் கடைசி முறை. அதில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அக்காவின் நிலம் மதகடியிலேயே இருக்கிறது. தன்னைத்தானே கடைசியில் நிறுத்திக்கொண்டாள் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

மறுநாள் மத்தியானம். கும்மிடிப்பூண்டியிலிருந்து போன் வந்தது, வெயில் நன்றாக இருக்கிறது, பலகைகள் தாராளமாகக் கொடுக்கின்றன என்று. லைன்மேன் சுவிட்சைப் போட்டார். முள் அசையவில்லை. எல்லோரும் பயந்துகொண்டு யாருமே போடவில்லையோ என்று இருந்தது.

முள் லேசாகத் துள்ளி, இறங்கி, நின்றது.

பெரியவர் வெளியே வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வச்சிந்தி!” என்று கத்தினார். வந்துவிட்டது என்று அர்த்தம். தொலைவில், கண்ணை இடுக்கினால்தான் தெரியும் அளவில், ஒரு குழாய் வெள்ளையாகத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. முள் மறுபடி துள்ளியது. “வச்சிந்தி!” அதற்கு இந்தப் பக்கத்தில் இன்னொரு குழாய். முள் படிப்படியாக ஏறியது. வயலில் தண்ணீர் ஒரு கிணறு விட்டு ஒரு கிணறாக எங்களை நோக்கி நடந்து வந்தது. கும்மிடிப்பூண்டியின் உவர்நிலத்தில் விழுகிற வெயில்தான் கம்பிக்குள் கலந்து இங்கே கிணற்றின் அடியிலிருந்து தண்ணீரைத் தூக்குகிறது. படித்த விஷயம்தான், பரீட்சையில் எழுதித் தேறிய விஷயம்தான். இருந்தாலும் எனக்குப் புல்லரித்தது. சாமி கும்பிடும்போதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை. பெரியவரைப் பார்த்தேன், மனிதர் குழந்தை மாதிரி ஒவ்வொன்றுக்கும் “வச்சிந்தி, வச்சிந்தி” என்று துள்ளிக்கொண்டிருந்தார்.

பிறகு முள் நின்றுவிட்டது.

“அயிபோயிந்தா? முடிஞ்சதா?” என்றார்.

“இன்னும் ஒண்ணு இருக்கு சார். எங்க அக்காவோடது.”

சப்ஸ்டேஷன் இருப்பது மதகுக்குப் பக்கத்தில்; வாசலிலிருந்தே அக்காவின் கிணறு நன்றாகத் தெரியும். குழாய் காய்ந்து கிடந்தது. அக்கா வரப்பில் வந்துகொண்டிருந்தாள். பாதி வழியில் நின்றாள். குனிந்து தரையைப் பார்த்தாள். நின்றுகொண்டே இருந்தாள். ஊர் முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது, இவள் ஒருத்தி நட்டநடு வரப்பில் அசையாமல் நிற்கிறாள். கத்திக் கூப்பிடலாம் என்று வாயெடுத்தேன். பெரியவர் என் கையைத் தட்டி வேண்டாம் என்றார். அவருக்கு எதுவும் தெரியாது. ஏன் அப்படிச் செய்தார் என்று நான் கேட்கவும் இல்லை.

அப்புறம் அக்கா நடந்தாள். மோட்டார் கொட்டகைக்குள் போனாள். நான் உள்ளே ஓடி முள்ளின் முன்னால் நின்றேன். அது துள்ளியது. வாசலில் சத்தம் ஒன்றும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

கையெழுத்து, அடுத்த கட்ட ஆய்வு, பங்கு பேச்சு எல்லாம் பிறகு நடந்தன, இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன. நான் அன்று வயலுக்கு ஓடினேன். அக்கா சேற்றில் இறங்கி மண்வெட்டியால் மடையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வெயிலில் பளபளத்துக்கொண்டு பாத்திக்குள் ஏறியது.

“ஏன் அங்க நின்னுட்ட? எனக்கு உசுரே போச்சு” என்றேன்.

நிமிராமலே சொன்னாள்: “அங்கதான்டி கடிச்சது. அதுக்கப்புறம் அந்த வரப்புல கால் வைக்கல. இன்னிக்குத்தான் பாத்தேன். சின்ன பொந்து. பகல்ல பாத்தா ஒண்ணுமேயில்ல.”

மடையில் கடைசி மண்ணை வைத்து மிதித்தாள்.

“வர்ற வெள்ளிக்கெழமைக்கு நடவு ஆளுங்களுக்குச் சொல்லி அனுப்பணும். போறப்ப நீயே சொல்லிட்டுப் போ.”