பதினைந்தாம் லெவலுக்குப் பிறகு

பெங்களூரு வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னதும் சித்தப்பா மகனான என் தம்பி தன் மனைவியோடு திருவண்ணாமலைக்கே வந்துவிட்டான். செங்கம் ரோட்டில் ஒரு மாடி வீடு பிடித்தான். வந்த சில வாரங்களிலேயே ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஒரு விளையாட்டைத் தொடங்கினான். அவன் ஒரு கற்பனை உலகத்தைச் சொல்லிக்கொண்டே போவான். நாங்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாக அதற்குள் நுழைந்து என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ஜெயிக்க ஜெயிக்க பாத்திரத்தின் லெவல் ஏறும்.

ஆடியவர்கள் மூன்று பேர். பள்ளிக்கூட டீச்சரான அவன் மனைவி திருடியாக வந்தாள். ஒரு விடுதியில் வரவேற்பு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த நான் வாள் பிடித்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் கால்நடை டாக்டர் ஒருவர் மந்திரவாதி. பௌர்ணமியில் கிரிவலக் கூட்டத்தால் பஸ்ஸை ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள் என்பதால் அந்த ஞாயிறுகளில் மட்டும் ஆட்டம் இருக்காது.

முதல் லெவலில் எங்களுக்கு எல்லாமே பயம். ஒரு மதியம் முழுக்க ஒரு கிணற்றில் இறங்கி ஏறுவதிலேயே போனது. கயிறு பத்தவில்லை, விளக்கு அணைந்துவிட்டது, மேலே இரண்டு ஓநாய்கள். நான் போட்ட பகடையில் ஒன்று விழுந்ததும் டீச்சர், "ஐயோ அண்ணி, செத்தோம்!" என்று கத்தியதில் கீழ்வீட்டு அம்மா மேலே வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்.

அப்போதெல்லாம் எங்கள் பேச்சு மேல் லெவல்களைப் பற்றித்தான். அங்கே போனால் பறக்கலாம், நினைத்த இடத்தில் போய் நிற்கலாம், செத்தவர்களைக்கூட எழுப்பலாம். மூன்று வருஷம் ஆடி, பதினைந்தாம் லெவலைத் தாண்டி அங்கே போய்ச் சேர்ந்தோம்.

போன பிறகுதான் தெரிந்தது. எங்களைப் பயமுறுத்த எதுவும் மிச்சமில்லை. டாக்டர் ஒவ்வொரு மந்திரத்துக்கும் விதிப் புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கம் படிப்பார். ஒரு சண்டை முடிய இரண்டு ஞாயிறு ஆனது. என் வாள்காரி ஒரு முறை செத்துப்போனாள். டாக்டர் எழுப்பிவிட்டார். டீச்சர் அதற்குள் டீ போட எழுந்து போயிருந்தாள்.

தம்பி பல மாதம் உழைத்து ஒரு நகரத்தை உருவாக்கினான். முற்றுகைக்குள் இருக்கிற நகரம். சார்ட் பேப்பரில் ஆறு, படகுத்துறை, சந்தைத் தெரு எல்லாம் வரைந்திருந்தான். அதன் வழியாகப் போய்த்தான் எதிரித் தளபதியை அடைய வேண்டும். அவன் பேப்பரை விரித்ததுமே டாக்டர் கேட்டார்.

"நேரா அந்த தளபதி ரூமுக்கே போயிடலாமா?"

தம்பி கொஞ்சம் தயங்கி, "விதிப்படி போலாம் சார்," என்றான்.

போனோம், முடித்தோம். நாங்கள் கைதட்டினோம். அவன் பேப்பரைச் சுருட்டினான்.

அன்று படி இறங்கும்போது டாக்டர் என்னிடம், "என்னமோ ஜெயிச்ச மாதிரியே இல்லைங்க," என்றார். நானும் தம்பியிடம் சொல்லிப் பார்த்தேன். "விட்டுடலாம்டா. மறுபடியும் முதல் லெவல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்."

"மேல வந்துட்டு என்ன செய்றதுன்னு தெரியல, அவ்ளோதான்கா. ஒரே ஒரு வாட்டி பாக்கலாம்," என்றான்.

அடுத்த முறை அதே பேப்பரைத்தான் விரித்தான். பாதிச் சந்தை மேல் கறுப்பு மை பூசியிருந்தது.

"தளபதி செத்ததும் சேனைய அடக்க ஆள் இல்ல. ஊருக்குள்ள பூந்துட்டாங்க. நீங்க யாரும் அங்க இல்ல," என்றான். "இப்ப ஊர்ஜனம் உங்க வாசல்ல நிக்கிறாங்க. செத்தவங்கள தூக்கிட்டு வந்திருக்காங்க. எழுப்புற மந்திரத்துக்கு ஆளுக்கு ஒரு வைரம் வேணும், உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ஒருத்தரதான் எழுப்ப முடியும்."

டாக்டர் புத்தகத்தைத் திறக்கவில்லை. "யார் முதல்ல வந்தாங்க?" என்று கேட்டார். தினமும் கேட்டுப் பழகிய கேள்வி போல இருந்தது.

"எல்லாரும் ஒண்ணாதான் வந்தாங்க சார்."

டீச்சர் ஒரு சின்னப் பெண்ணை எழுப்பலாம் என்றாள். நான் படகுக்காரனைச் சொன்னேன். ஆறு பெருகி ஓடியது, மிச்சமிருந்த ஜனத்தை அக்கரை சேர்க்க அவனைத் தவிர ஆள் இல்லை. நெடுநேரம் வாதாடினோம். டீச்சர் கண் கலங்கிவிட்டாள். யாரும் பகடையைத் தொடவில்லை. போடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கடைசியில் டாக்டர் படகுக்காரனை எழுப்பினார்.

தம்பி அந்தப் பெண்ணின் அம்மாவாகப் பேசினான். "அப்போ என் பொண்ணு?"

டாக்டர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என்னால முடியலமா," என்றார். மந்திரவாதியின் குரலை அவர் போட்டுக்கொள்ளவில்லை.

அன்றுதான் எனக்கு விளங்கியது. கீழே இருக்கும்போது முடியுமா முடியாதா என்பதுதான் ஆட்டம். மேலே எல்லாம் முடியும். யாருக்குச் செய்வது, யாரை விடுவது என்பதுதான் அங்கே ஆட்டம். மேல் லெவலில் ஒன்றுமில்லை என்று நாங்கள் சலித்துக்கொண்ட மாதங்களில் இதை ஆடியிருக்கலாம்.

அதற்கு அடுத்த வாரமே ஆபீசுக்குத் திரும்பி வரச் சொல்லி அவனுக்குத் தகவல் வந்தது. அவர்கள் பெங்களூரு போன பிறகு வீடியோவில் இரண்டு முறை முயன்று பார்த்தோம். டாக்டரின் படம் அடிக்கடி உறைந்து நின்றது. ஒருவர் பேசுவது தெரியாமல் இன்னொருவர் பேசினோம். மூன்றாவது முறைக்கு நாள் குறிக்க யாருக்கும் தோன்றவில்லை.

போன மாதம் டாக்டரை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கையில் தடுப்பூசிப் பெட்டி இருந்தது. தம்பியை விசாரித்தார். பிறகு, பஸ் கிளம்பப் போகிற நேரத்தில், "அந்தச் சின்னப் பொண்ணோட அம்மாவுக்கு வேற எதாவது சொல்லியிருக்கலாங்க," என்றார்.

"என்ன சொல்லியிருக்கலாம் டாக்டர்?"

"அதான் தெரியல," என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.