டெல்மரின் பின்சீட்டு

என் வீட்டுக்காரர் டெல்மர் ஹௌகனை நாற்பத்தொரு வருடமாக எனக்குத் தெரியும் என்று சொன்னால் அதில் பாதிதான் உண்மை. எனக்கு நன்றாகத் தெரிந்தது அவருடைய முதுகு. எண்பத்தாறாம் வருடத்து கோல்ட் விங் மோட்டார் சைக்கிளை அவர் வாங்கி வந்த நாளிலிருந்து அதன் பின்சீட்டு என்னுடையது. சாய்ந்துகொள்ளலாம், கை வைத்துக்கொள்ளலாம், வீட்டு சோபாவைவிட சுகம். எங்கள் இரண்டு ஹெல்மெட்டுகளையும் ஒரு ஒயர் இணைக்கும். டகோட்டா வரைக்கும் அந்த ஒயரில் நான் பேசிக்கொண்டே போயிருக்கிறேன், அவர் "ம்" கொட்டிக்கொண்டே ஓட்டியிருக்கிறார். வண்டியை நிறுத்துமுன் மட்டும் தவறாமல், "நிக்கப்போறேன், மார்லிஸ்" என்பார். எண்ணூறு பவுண்டு வண்டி அது. நிற்கிற நேரத்தில் பின்னால் இருப்பவள் அசைந்தால் இரண்டு பேரும் தரையில்தான்.

முப்பத்துமூன்று வருடம் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் லாரி ஓட்டிய மனிதர். டெல்மருக்குப் பொய் சொல்லவே வராது என்று ஊரே சொல்லும். ஊருக்கு என்ன தெரியும்? நான் பால் டப்பாவை மோந்து பார்க்காமல் காப்பியில் ஊற்றாதவள்.

போன ஏப்ரலில், பனி விட்டு ரோடு காய்ந்ததும், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய் நின்றேன்.

"பின்சீட்டு ஆடுது. சரிபண்ற வரைக்கும் நீ ஏற வேண்டாம்" என்றார்.

அவர் உள்ளே போனதும் சீட்டைப் பிடித்து உலுக்கிப் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்தது. அப்போதே எனக்குப் பொறி தட்டியது.

அதற்கப்புறம் வியாழக்கிழமைதோறும் மத்தியானம் தனியாகக் கிளம்பினார். கேட்டால், ஆர்டிஸ் கடையில் ஆப்பிள் கேக் சாப்பிடப் போகிறாராம். திரும்பி வந்தால் வீட்டிலும் பசியோடு சாப்பிட்டார். ஒருநாள் வண்டியின் இடது பக்கக் கம்பியில் புதிதாகக் கீறல் விழுந்திருந்தது. பின்சீட்டில் குறுக்கே அழுத்திய தடம். இதெல்லாம் போதாதென்று, நிலவறையில் கிணற்றுத் தண்ணீரை மென்மையாக்கும் மெஷினுக்கு வாங்கி வைத்திருந்த ஆறு உப்பு மூட்டையில் நாலைக் காணவில்லை. எவனாவது காதலிக்கு உப்பு மூட்டை கொண்டுபோய்க் கொடுப்பானா? டெல்மர் கொடுப்பார். கல்யாணமாகி வந்த என் முதல் பிறந்தநாளுக்கு கார் பேட்டரி வாங்கிக் கொடுத்தவர்.

வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிடப் போன இடத்தில் ஆர்டிஸே எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏன்டி மார்லிஸ், என் கேக்கு மேல உன் வீட்டுக்காரருக்கு என்ன கோவம்? ஈஸ்டர்லேர்ந்து ஆளையே காணோமே!"

"வயித்துல கொஞ்சம் கோளாறு" என்று சொல்லி வைத்தேன். அடுத்த மேஜையில் டெல்மர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று இருந்தது.

அடுத்த வியாழன் எங்கள் பிக்கப் டிரக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர் கண்ணில் படாமல் இரண்டு மேடு தள்ளியே வந்தேன். நேராகச் சந்தை மைதானத்துக்குள் திரும்பினார். ஆகஸ்டில் சந்தை கூடும் வரைக்கும் அங்கே காக்காய்கூட இருக்காது. ஒளிந்து சந்திக்க நல்ல இடம்தான்! மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் பிக்கப்பை நிறுத்திவிட்டு, அவளிடம் முதலில் என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன்.

யாரும் வரவில்லை. கொட்டகைக்குள்ளிருந்து டெல்மர் என் உப்பு மூட்டைகளை ஒவ்வொன்றாகச் சுமந்து வந்தார். என் சீட்டில் நாலையும் அடுக்கிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். நாலு நாற்பது, நூற்று அறுபது பவுண்டு. நான் அவரிடம் நூற்று நாற்பத்தெட்டு என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். பாவி மனுஷன், நம்பவே இல்லை.

வண்டியை ஒரு சுற்று ஓட்டி, தரையில் சுண்ணாம்பால் போட்ட கோட்டை நோக்கி வந்தார். இன்ஜின் சத்தத்துக்கு மேல் அவர் குரல் கேட்டது.

"நிக்கப்போறேன், மார்லிஸ்."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சீ, என்ன பொம்பளை நான்!

வண்டி நின்றது. இடது காலை ஊன்றினார். இடுப்பு மடங்கியது. அவ்வளவு பெரிய வண்டி மெதுவாக, அவசரமே இல்லாமல் சாய்ந்து படுத்தது. கீழே இருந்த மூட்டை பிய்ந்து உப்பு கொட்டியது. இன்ஜினை அணைத்துவிட்டு, அதன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஓடினேன். நிமிர்ந்து பார்த்தவர், "எத்தனை நாளா வேவு பாக்குற?" என்றார்.

"நீ எத்தனை நாளா விழற?"

"காலியா ஓட்டுனா விழல. மூட்டையோட இது ஏழாவது தடவை. இடுப்பு பாரம் தாங்க மாட்டேங்குது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா வண்டியை வித்துடுன்னு சொல்லுவ."

சொல்லியிருப்பேன். "நான் வேற என்னமோ நினைச்சேன்" என்றேன்.

"வேற என்ன?"

"பொம்பளை."

சட்டையெல்லாம் உப்பும் மண்ணுமாக என்னையே பார்த்தார். "எனக்கா? யாரு வருவா?" என்று நிஜமாகவே கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

சீட்டுக்கு முதுகைக் கொடுத்து அவர் தள்ள, நான் கைப்பிடியைப் பிடித்து இழுக்க, ஒருவழியாக வண்டியை நிமிர்த்தினோம். நான் கயிற்றை அவிழ்த்து மூட்டைகளைக் கீழே தள்ளினேன்.

"மூட்டை உயிரில்லாத பாரம். எனக்கு உன்கூடச் சேர்ந்து சாயத் தெரியும். ஏறுறேன், ஒரு தடவை நிறுத்திப் பாரு."

"மாட்டேன்."

"ஒரே தடவை, டெல்மர்."

"மாட்டேன்னா மாட்டேன். உப்பு கொட்டுனா அள்ளிக்கலாம்."

நாற்பத்தொரு வருடத்தில் அவர் எனக்கு மாட்டேன் என்று மறுத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. என்னென்னவோ பேசிப் பார்த்தேன், மனிதர் அசையவில்லை. கடைசியில், "சரி, நீ ஓட்டு. தனியா ஓட்டு. விக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மூட்டைகளைப் பிக்கப்பில் ஏற்றினேன்.

அவர் முன்னால் போனார். நான் பிக்கப்பில் பின்தொடர்ந்தேன். நாற்சந்தியில் அவர் நிறுத்தப் போவது பிரேக் விளக்கில் தெரிந்தது. நானும் பிரேக்கை மிதித்தேன். இடது காலை ஊன்றினார். இடுப்பு மடங்கவில்லை, வண்டி இம்மியும் அசையாமல் நின்றது. நான் அதில் இல்லாததால்தான் நின்றது. அவர் போன பிறகும் நான் பிக்கப்பை எடுக்காமல், பின்னால் வந்தவன் ஹாரன் அடிக்கும் வரைக்கும் அங்கேயே அழுதுகொண்டிருந்தேன்.