யானையின் நான்காவது கால்

டிரைவர் அண்ணன் எங்கள் மாடி அறைக்கு வந்து சேர்ந்ததே தவறுதலாகத்தான். அன்று கீழ்த்தளத்தில் ரத்த அழுத்தம் பார்க்கும் முகாம் நடந்தது. அவர் கதவு மாறிப் படியேறி மேலே வந்துவிட்டார். மேலே இருப்பது முதியோர் கைவேலைக் குழு. வந்தவரை யார், எவர் என்று கேட்காமல், "ரெண்டு கையையும் கொஞ்சம் நீட்டுங்க" என்றார் நர்ஸ் அக்கா. அவர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குரலிலேயே ஒரு அதிகாரம் இருக்கும். அண்ணனும் பிரஷர் பார்க்கத்தான் போலிருக்கிறது என்று நீட்டினார். அக்கா உல்லன் நூல் சிட்டத்தை அந்தக் கைகளில் மாட்டி, மடமடவென்று உருண்டையாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டிய கைகள். நூல் போகும் பக்கமெல்லாம் ஸ்டியரிங்கைத் திருப்புவது போல இடமும் வலமும் திரும்பிக் கொடுத்தன. ஒரு சிக்கல் விழவில்லை. சுற்றி முடித்ததும் பயபக்தியோடு கேட்டார்.

"எனக்கு பிரஷர் எவ்வளவும்மா?"

அவ்வளவுதான். சிரித்துச் சிரித்து, மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த தையல்கார அக்காவுக்குப் புரையேறிவிட்டது. எல்லோரையும் விட அதிகம் சிரித்தவர் அண்ணன்தான்.

அந்தக் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கி, எல்லோருக்கும் டீ போடுவது என் வேலை. அதனால் நடந்ததெல்லாம் என் கண் முன்னால் நடந்தது. அடுத்த வாரமும் அண்ணன் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் தூர தேசத்தில். "வீட்ல எனக்குப் பேச்சுத்துணை குக்கர்தாம்மா. அதுவும் மூணு விசில் அடிச்சிட்டு வாயை மூடிக்குது" என்று என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் டீயில் மட்டும் ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடப் போட்டேன்.

ஆனால் ஒரு வேலையையும் அவர் முடித்தபாடில்லை. தொப்பி ஆரம்பித்தார், பாதியில் நின்றது. மப்ளர் ஆரம்பித்தார், அதுவும் பாதியில். கொக்கி ஊசியைப் பிடித்தால் வளைவில் பஸ்ஸைத் திருப்புகிற இறுக்கம். ஒரு கண்ணி தப்பினால் மொத்தத்தையும் ஆரம்பம் வரை பிரித்துவிடுவார். "அண்ணனுக்கு ரிவர்ஸ் கியர் மட்டும் நல்லா விழுது" என்பார் தையல்கார அக்கா.

குழுவை நடத்துகிறவர் டீச்சரம்மா. அலமாரியும் தையல் மெஷினும் போக அந்த அறையில் நான்கு நாற்காலிதான் கொள்ளும். இடம் கேட்டு வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். ஒருநாள் டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

"டிரைவர் சார், குழந்தைங்க வார்டுக்கு ஒரு பெரிய யானை செய்யப் போறோம். உடம்பு, தலை, காது எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம். கால் ஆளுக்கு ஒண்ணு. நாலாவது கால் உங்களோடது. சனிக்கிழமை கொண்டு வாங்க. அதையும் முடிக்கலேன்னா, தப்பா நினைக்காதீங்க, நாற்காலியை வேற ஒருத்தருக்குக் கொடுத்துடலாம்."

"சரிங்க டீச்சர்" என்றார் அண்ணன், பள்ளிக்கூடப் பையன் மாதிரி. அன்று அவர் டீயைக் குடிக்காமலே போய்விட்டார்.

நான் அந்த வாரம் முழுக்கக் கடவுளிடம் கேட்டதெல்லாம் ஒரு கால்தான். "ஆண்டவனே, எனக்கு நகை நட்டு வேண்டாம், ஒரே ஒரு யானைக் காலை முடிச்சுக் கொடு" என்று முழங்காலில் நின்று கேட்டேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை, மறுபடி கேட்டேன்.

சனிக்கிழமை அண்ணன் துணிப்பையைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, கை கழுவப் போனார். நர்ஸ் அக்கா விருட்டென்று எழுந்து, முந்தானைக்குள்ளிருந்து எதையோ எடுத்து அந்தப் பைக்குள் திணித்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார். கொஞ்ச நேரத்தில் தையல்கார அக்கா என்னிடம், "ஏம்மா, கீழே குழாய் திறந்திருக்கா பாரு" என்றார். குழாய் மூடித்தான் இருந்தது. நான் திரும்பி வந்தபோது பை இன்னும் கொஞ்சம் உப்பியிருந்தது. எனக்கு வயிற்றுக்குள் சிரிப்பு பொங்கியது. டீத்தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மேஜை மேல் யானையின் உடம்பும் தலையும் மூன்று கால்களும் வந்துவிட்டன. டீச்சரம்மா அண்ணனைப் பார்த்தார்.

"உங்களோடது?"

அண்ணன் பையை எடுத்து வந்தார். "என்ன, இப்படிக் கனக்குது?" என்று முணுமுணுத்தபடி கையை விட்டு ஒரு காலை உருவினார். உருவியவர் முகம் மாறிவிட்டது.

"இது என்னுது இல்லையே!"

மறுபடி கையை விட்டார். இன்னொரு கால் வந்தது.

"இதுவும் இல்லையே! யாரு இதெல்லாம்…"

நர்ஸ் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தையல்கார அக்கா ஊசியில் நூல் கோப்பது போல நடித்தார். ஊசியில் ஏற்கெனவே நூல் இருந்தது. அண்ணன் மூன்றாவது முறை கையை விட்டார். வந்த காலில் வரிசைகள் கோடு போட்ட நோட்டு மாதிரி அத்தனை நேராக இருந்தன. அப்படிப் பின்னுகிறவர் அந்த அறையில் ஒரே ஒருவர்தான். எல்லோரும் டீச்சரம்மாவைப் பார்த்தோம். டீச்சரம்மா மின்விசிறியைப் பார்த்தார்.

"டீச்சர்! நீங்களுமா?" என்று அலறினார் நர்ஸ் அக்கா.

"நான் காலையிலேயே வந்துட்டேன். வாசல்ல சார் பையைக் கீழ வச்சிட்டுச் செருப்பைக் கழட்டினார், அப்போ… சும்மா இருங்க, என்ன சிரிப்பு?"

அண்ணன் பையை அப்படியே கவிழ்த்தார். கடைசியாக ஒரு கால் விழுந்தது. விழுந்த வேகத்தில் மேஜை 'டொக்' என்றது. உலக்கை மாதிரி இறுகிப்போன கால்.

"இதுதாங்க என்னுது" என்றார். "நான் முடிச்சிட்டேனே! யாருகிட்டயும் சொல்லாம திடீர்னு காட்டலாம்னு இருந்தேன்."

டீத்தட்டை நான் கீழே வைத்துவிட்டேன். இல்லையென்றால் கொட்டியிருக்கும். ஒரு கால் கேட்டவளுக்கு ஆண்டவன் வண்டியோடு கொண்டு வந்து கொட்டியிருக்கிறான். நர்ஸ் அக்கா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். தையல்கார அக்கா நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். டீச்சரம்மா அடக்கி அடக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் பெரிதாக ஒரு கனைப்பு கனைத்தார். அதுதான் அவருடைய சிரிப்பு என்று அன்றுதான் தெரிந்துகொண்டோம். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு காலாக எடுத்துத் தடவிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

தரையில் இருந்தபடியே தையல்கார அக்கா எண்ணினார். "ஏழு காலு இருக்கு. ஏழு காலை வச்சு ஒரு யானை செஞ்சா குழந்தைங்க ஓடிப் போயிடும். ரெண்டு யானையா செஞ்சுடலாமே?"

"ஒண்ணு குறையுதே" என்றார் நர்ஸ் அக்கா.

"அப்போ… என் நாற்காலி?" என்று மெல்லக் கேட்டார் அண்ணன்.

டீச்சரம்மா கண்ணாடியைத் துடைத்தார். "ரெண்டாவது யானை மூணு கால்ல நிக்குமா சார்? உட்காருங்க. இன்னொரு உடம்பும் பின்னணும், தும்பிக்கையும் பின்னணும். எங்க மூணு பேரால ஆகுற காரியமா இது?"

அண்ணன் உட்கார்ந்தார். அவர் ஊசியைக் கையில் எடுப்பதற்குள், அந்த உலக்கைக் கால் எந்த யானைக்கு என்று மூன்று பேருக்கும் சண்டை மூண்டுவிட்டது.