பல் டாக்டரின் முந்நூறாவது பறவை

"நிறுத்துங்க! நிறுத்துங்கன்னா!"

பல் டாக்டர் இப்படி அலறினால் யாருக்கும் உயிராபத்து இல்லை. வெளியே ஏதோ ஒரு பறவை உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். காரை ஓட்டும் கணவரின் கால் தானாகவே பிரேக்கை மிதிக்கும். பின்சீட்டுத் தண்ணீர் பாட்டில்கள் உருண்டு முன்னால் வருவதற்குள் அம்மையார் பைனாகுலரைக் கண்ணில் ஒட்டியிருப்பார்.

வருடத்தில் ஐம்பது வாரம் ஊரார் வாய்க்குள் பார்ப்பவர், மீதி இரண்டு வாரம் கிளினிக்கைப் பூட்டிவிட்டு தேசியப் பூங்கா தேசியப் பூங்காவாகக் காரில் அலைவார். தொழில் புத்தி மட்டும் கூடவே வரும். வளைந்த அலகைக் கண்டால், "சின்ன வயசுலயே கம்பி போட்டிருக்கணும்" என்பார். கழுகைப் பார்த்து, "ஒரு பல்லு இல்லை, என்னா திமிரு! எல்லாரும் இப்படி இருந்தா நான் எங்க போறது?"

நோட்டில் இதுவரை இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பறவை வகைகள். தன் கண்ணால் பார்த்தால்தான் எண்ணிக்கையில் சேரும். அடுத்தவர் சொன்னது செல்லாது. போன வருடமே முந்நூறைத் தாண்டிவிட்ட தங்கை, போனை எடுத்ததும் நலம் விசாரிப்பதில்லை. "எத்தனைக்கா?" என்றுதான் கேட்கிறாள்.

இந்தப் பயணத்தின் மூன்றாவது பூங்காவில் கறுப்பு மரங்கொத்தி உண்டு என்றார் வனக்காவலர். காக்கை அளவு, உச்சந்தலை மட்டும் சிவப்பு. பதினொரு வருடமாக டாக்டருக்குப் போக்குக் காட்டும் பறவை. மறுநாள் விடியற்காலையிலேயே போய், இலைதழை போர்த்திய மறைவிடத்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்தார். ஒரு கொசுதான் வந்தது. சத்தம் கேட்குமே என்று அதையும் அடிக்கவில்லை.

தளர்ந்துபோய்க் கார் நிறுத்துமிடத்துக்குத் திரும்பினால், கணவர் மடக்கு நாற்காலியில் வெற்றிவீரராக வீற்றிருந்தார்.

"ஒரு கறுப்புச் சனியன், தலையில மட்டும் சிவப்பு. காரோட சைடு கண்ணாடியை டொக்கு டொக்குன்னு கொத்திட்டே இருந்துச்சு. பேப்பரைச் சுருட்டி ஒரு வீசு வீசினேன் பாரு, ஓடியே போச்சு!"

டாக்டர் பைனாகுலரைக் கழற்றிக் கார் பானெட் மேல் வைத்தார். கணவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"நீ எழுதிக்கோயேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல?" என்றார் டாக்டர். பிறகு நோயாளியை விசாரிக்கும் குரலில், "எந்தப் பக்கம்? எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?"

"டிரைவர் பக்கம். ஏழரை இருக்கும்."

அன்றே கிளம்பியிருக்க வேண்டியவர்கள் இன்னொரு நாள் தங்கினார்கள். காலை ஏழு மணிக்குக் கார் அதே இடத்தில் நின்றது. டிரைவர் சீட்டில் டாக்டர். பக்கத்து சீட்டுக்குத் தள்ளப்பட்ட கணவரிடமிருந்து செய்தித்தாளைப் பிடுங்கித் தன் காலடியில் போட்டுக்கொண்டார்.

ஏழு நாற்பதுக்கு அது வந்தது. கண்ணாடிக்குள் இன்னொருத்தனைக் கண்டதும் செந்தலை சிலிர்த்தது. டொக்! கைக்கெட்டும் தூரம். பைனாகுலருக்கு வேலையே இல்லை. டாக்டரின் கண்கள் குளமாகிவிட்டன.

"ஏய், விரிசல் விடுது. ஹாரனை அடி!" கணவர் பல்லைக் கடித்தபடி கிசுகிசுத்தார்.

டாக்டர் பறவையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. ஒரு கை மட்டும் மெல்ல நகர்ந்து, கதவின் உட்புறம் சைடு கண்ணாடியைத் திருப்பும் குமிழைத் தேடிப் பிடித்தது. நூலளவு நூலளவாகத் திருகி, கண்ணாடியை மரங்கொத்திக்கு வாகாகச் சாய்த்துக் கொடுத்தது.